லூப் இல்லாத படம்: நகரும் மணல் சட்டகம், ஓர் எடிட்டரின் பார்வையில்

என் பிழைப்பு வீடியோ எடிட்டிங். ஒரே காட்சியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, எந்த ஃப்ரேமில் வெட்டினால் ஒட்டுப்போட்டது தெரியாது என்று தேடுவதுதான் நாள் முழுக்க வேலை. விசைப்பலகையில் ஜே தட்டினால் காட்சி பின்னால் ஓடும், எல் தட்டினால் முன்னால் ஓடும், கே தட்டினால் நிற்கும். எல் விசையை இரண்டு தரம் தட்டினால் வேகம் இரட்டிப்பாகும். கணினியை அணைத்த பிறகும் இந்தப் பழக்கம் விரலை விட்டுப் போவதில்லை. எதிரில் இருப்பவர் கொஞ்சம் நிதானமாகப் பேசினால்கூட எல் தட்டத் தோன்றும்.

இப்படிப்பட்ட ஆளிடம் "கண்ணை மூடு, மூச்சைக் கவனி" என்று சொன்னால் என்ன ஆகும்? கண்ணை மூடிய மறு நொடியே உள்ளே ஒரு டைம்லைன் (எடிட்டிங்கில் காட்சித் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை) திறந்துகொள்ளும். நாளைக்கு அனுப்ப வேண்டிய கோப்பு, வாடிக்கையாளர் கேட்ட நான்காவது திருத்தம், பதில் போடாமல் விட்ட செய்தி என்று எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். எனக்குக் கண்ணை மூடினால் அமைதி வருவதில்லை, வேறு திரைக்கு மாறுகிறேன், அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தியானம் பழகத் துணையாக ஏதாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தது அதனால்தான். செயலிகள், கடிகாரத்தில் விரிந்து சுருங்கும் மூச்சு வட்டம், வண்ணம் தீட்டும் மண்டலப் புத்தகம் (மண்டலம் என்பது வட்டத்துக்குள் கோலம்போல் வரையும் வடிவம்) எல்லாம் பார்த்தாகிவிட்டது. மேசையில் கடைசியாக நிலைத்தது ஒரு மணல் சட்டகம். பல நிறுவனங்கள் இதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கின்றன. அதனால் யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே மெல்லிய இடைவெளி. அதற்குள் நீர், இரண்டு மூன்று நிறத்தில் மணல், கொஞ்சம் காற்று. சட்டகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மணல் மேலே போய்விடும். காற்றுக் குமிழிகள் ஓடி ஏறி, மணலின் அடியில் முட்டி, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். மணலைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் குமிழி வரிசைதான். குமிழிகளுக்கு இடையே இருக்கும் சந்துகளில் மட்டும் மணல் இழையிழையாக ஒழுகும். கீழே மேடு கட்டும், மேட்டின் மேல் மேடு கட்டும், பள்ளம் விழும். ஒரு குமிழி நழுவி மேலே போனால் அந்த இடத்தில் ஒரு கை மணல் திபுதிபுவென்று இறங்கும். அப்புறம் திரும்பவும் இழை.

இதில் என்னைப் பிடித்து இழுத்தது கீழே நடக்கும் சமாசாரம். மணல் எவ்வளவு விழுந்தாலும் மேட்டின் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரியில்தான் நிற்கும். அதைத் தாண்டினால் தானாகச் சரிந்து பழைய சாய்வுக்கே வந்துவிடும். நிறங்களும் கலந்து குழம்பிப் போவதில்லை, தனித்தனி வரிகளாகப் படிகின்றன. இது அந்தச் சட்டகத்தைச் செய்தவரின் கைவண்ணம் என்று நினைத்திருந்தேன். ஆனால் மணலின் இயல்பே அப்படித்தான். 1997இல் ஹெர்னான் மாக்சேயும் அவருடைய சகாக்களும் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிற்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே பெரிய துகளையும் சிறிய துகளையும் கலந்து கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரியது சொரசொரப்பாகவும் சிறியது வழவழப்பாகவும் இருந்தால், யாரும் பிரிக்காமலே கலவை அடுக்கடுக்காகப் பிரிந்து படிகிறது. அவர்கள் கொட்டியது உலர்ந்த துகள், என்னிடம் இருப்பது நீரில் விழும் மணல். ஆனால் தகடு இரண்டு, நடுவில் மணல் என்ற ஏற்பாட்டைப் படித்ததும், என் மேசைமேல் இருப்பது பாதி ஓவியம், பாதி பௌதிகப் பரிசோதனை என்று தோன்றியது.

சரி, இதற்கும் தியானத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதலில், இதில் லூப் இல்லை. திரையில் வரும் அமைதிப் படங்களில் பெரும்பாலானவை லூப்தான். அலை வந்து போகும், மேகம் நகரும், சில நொடிகள் கழித்து அதே அலை திரும்ப வரும். சாதாரணக் கண்ணுக்கு அது உறுத்தாது. என் கண் அந்த ஒட்டு எங்கே என்று தேடும். கண்டுபிடித்துவிட்டால் ஒரு சின்ன வெற்றிக்களிப்பு, அடுத்த சுற்றில் அது எப்போது வரும் என்று காத்திருப்பு. தியானம் செய்ய உட்கார்ந்தவன் தரப் பரிசோதனை செய்துகொண்டிருப்பேன். லூப் இல்லாமல் கணினியே தொடர்ந்து வரைந்துகொண்டு போகும் படங்களும் உண்டு. கென் பெர்லின் 1983இல் உருவாக்கிய இரைச்சல் கணக்குமுறை, அதாவது மேகம், புகை போல ஒழுங்கில்லாத வடிவங்களைக் கணினியில் உண்டாக்கும் வழி (திரைப்படங்களில் நெருப்பும் புகையும் பளிங்கும் செய்ய உதவியதற்காக 1997இல் அவருக்குத் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது), அந்த மாதிரிப் படங்கள் பலவற்றுக்கு அடிப்படை. அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவை ஓடுவது, வேலையும் செய்தியும் வந்து விழும் அதே திரையில். அந்தச் செவ்வகத்தைப் பார்த்ததும் என் உடம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

அடுத்தது, இதை ஓட்டவோ நிறுத்தவோ முடியாது. ஜே, கே, எல் எதுவும் இல்லை. முந்தைய நொடியில் சரிந்த மேடு நன்றாக இருந்தது, இன்னொரு தரம் பார்க்கலாம் என்றால் வழியில்லை. எங்கள் அறையில் உதவியாளராக இருக்கும் பையன் முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எப்ப முடியும்? சீக்கிரம் விழ வைக்க முடியாதா?" என்றான். சட்டகத்தை விரலால் இரண்டு தட்டு தட்டினான். குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே ஓடிவிட்டன, மணல் மொத்தமாக இறங்கி நடுவில் ஒரு மொட்டைக் குவியல். "போச்சா?" என்றான். போச்சு. அவசரப்பட்டால் இது தரும் தண்டனை இவ்வளவுதான்: அழகில்லாத ஒரு குவியல். இதைவிட மென்மையாகக் கண்டிக்கும் தியான ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது எனக்கு மிக முக்கியம். இந்தப் படம் என்னைப் பெரிதாக ஈர்ப்பதில்லை. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாராட்டித்தான் சொல்கிறேன். ரேச்சல் காப்லான், ஸ்டீஃபன் காப்லான் என்ற இரண்டு உளவியலாளர்கள் கவனம் எப்படிக் களைக்கிறது, எப்படித் தேறுகிறது என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். மேகம் நகர்வது, காற்றில் இலை ஆடுவது போன்றவை கண்ணைப் பிடித்து வைக்கும், ஆனால் மனத்தை முழுதாக விழுங்கிவிடாது, மிச்சமிருக்கும் இடத்தில் களைத்த கவனம் தேறிக்கொள்ளும் என்பது அவர்கள் கருத்து. விறுவிறுப்பான பந்தயத்தைப் பார்க்கும்போது அந்த மிச்ச இடம் இருக்காது. நான் தொழிலில் செய்வது நேர் எதிர். பார்ப்பவருக்கு மிச்ச இடமே இல்லாமல் அடைத்து வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்தக் காரணத்தால், சட்டகம் வாங்குபவர்களுக்கு என் முதல் யோசனை: மங்கலான நிறத்தை எடுங்கள். ஊதாவும் பொன்னும் மினுமினுப்பும் கலந்த ஒன்றும் என்னிடம் இருக்கிறது. பிரமாதமான அழகு. அதைத் திருப்பியதும் கை தானாகப் புகைப்படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடுகிறது. சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் இன்னொன்றைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றாது. நான் உட்காருவது அதன் முன்னால்தான்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 5ஆம் நூற்றாண்டில் பௌத்த அறிஞர் புத்தகோசர் பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் அதே யோசனை இருப்பது தெரிந்தது. தியானத்துக்கு உட்காருபவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கப் பத்து வகைப் பொருள்களைச் சொல்கிறார், அவற்றுக்குக் கசிணம் என்று பெயர். முதலாவது மண். ஒரு சாணும் நான்கு விரலும் அகலத்தில் களிமண்ணால் ஒரு வட்டத் தட்டு செய்து, அதிலிருந்து இரண்டரை முழம் தள்ளி உட்கார வேண்டும். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை மண் கூடாது, விடியல் நேரத்து வானம் போன்ற நிறத்தில் இருக்க வேண்டும். கண்ணை அகல விரித்துப் பார்த்தால் களைத்துப்போகும், அரைகுறையாகப் பார்த்தால் உருவம் தெளியாது, கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் இயல்பாகப் பார் என்கிறார். தூரமும் நிறமும் பார்வையும் இவ்வளவு நுணுக்கமாகக் குறித்திருப்பதைப் படித்தபோது, ஒளிப்பதிவாளருக்குத் தரும் குறிப்பு போலவே இருந்தது. இரண்டரை முழம் என்பது எனக்கு மேசைக்கு அந்தப் பக்கம் சட்டகம், இந்தப் பக்கம் நாற்காலி. அந்தத் தூரம் சரியாகத்தான் இருக்கிறது. கிட்டே வைத்தால் மணல் துகளை எண்ணத் தோன்றுகிறது.

எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று கேட்பார்கள். சட்டகத்தைத் திருப்புகிறேன். முதலில் குமிழிகள் ஏறும்போது ஒரே ஆரவாரம், அதைச் சும்மா வேடிக்கை பார்க்கிறேன். இழைகள் அமைந்ததும் அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறேன். மொத்தப் படத்தையும் இல்லை, ஒரே ஓர் இழை. அது எங்கே தொடங்குகிறது, எங்கே தொடுகிறது, தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டியது. மனம் கோப்புக்கும் திருத்தத்துக்கும் போய்விட்டுத் திரும்பும்போது, பெரும்பாலும் அந்த இழை நின்றுபோயிருக்கும். அப்போது வேறோர் இழை. எவ்வளவு நேரம் தொலைந்து போயிருந்தேன் என்பதைக் கீழே வளர்ந்திருக்கும் மேடே காட்டிக்கொடுத்துவிடும். குற்ற உணர்ச்சிக்கு அங்கே வேலையில்லை, வளர்ந்த மேடு நன்றாகத்தான் இருக்கும்.

கண்ணை இமைக்காமல் பார்க்க வேண்டியதில்லை. ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலில் வரும் திராடகம் என்ற பயிற்சி, கண்ணீர் வரும்வரை இமைக்காமல் ஒரு சிறு புள்ளியை நோக்கச் சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது ஏற்கெனவே குறைந்துவிடுகிறது. அப்படிக் காய்ந்த கண்ணை இன்னும் காயவைப்பது என்னைப் போன்றவர்களுக்கு உதவாது. தாராளமாக இமைக்கலாம். மூச்சையும் மணலோடு சேர்த்து ஓட்ட முயல வேண்டாம். மணலுக்குத் தாளம் கிடையாது, முயன்றால் மூச்சுதான் முட்டும்.

மணல் முழுக்க இறங்கி நின்ற பிறகு உடனே எழுந்துவிடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். என் கணக்கில் இந்தப் பொருளுக்குக் கொடுத்த காசு அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். பார்க்க எதுவும் இல்லை, ஆனால் பார்க்கும் பழக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் கண்ணை மூடினால் எனக்கு டைம்லைன் உடனே திறப்பதில்லை. முன்பு எந்தக் கட்டளையால் ஓடினேனோ, அதே "கண்ணை மூடு, மூச்சைக் கவனி" இப்போது கொஞ்சம் கைகூடுகிறது. எல்லா நாளும் இல்லை. சில நாள் மணல் நின்ற மறுகணமே கை சட்டகத்தைத் திருப்பிவிடும். அது வேடிக்கை, தியானம் இல்லை. வேடிக்கையும் நல்லதுதான், ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் எரிச்சல். பெட்டியில் வந்த துண்டுச்சீட்டு, ஐந்தே நிமிடத்தில் மன அழுத்தம் பறந்துவிடும் என்கிறது. குமிழியைச் சரிசெய்வதைப் பற்றி அதில் ஒரு வரிதான்.

அந்தக் குமிழிதான் இதன் பெரிய தலைவலி. காற்று அதிகமானால் மணல் மேலேயே சிக்கிக்கொண்டு அசையாது. குறைந்தால் எல்லாம் ஒரே கொட்டாகக் கொட்டிவிடும். நல்ல சட்டகங்களில் விளிம்பில் ஒரு சின்ன ரப்பர் அடைப்பு வைத்து, கூடவே ஊசி மாட்டிய சிரிஞ்சு ஒன்றும் தருவார்கள். அதை வைத்துக் காற்றைக் கொஞ்சம் எடுக்கலாம், அல்லது கொஞ்சம் சேர்க்கலாம். "கொஞ்சம்" என்றால் உண்மையாகவே கொஞ்சம். ஒரு சின்னக் குமிழி அளவு எடுத்தாலே இறங்கும் வேகம் மாறிவிடும். அறை சூடானால் காற்று விரியும், வேகமும் மாறும். நேற்று நிதானமாக இறங்கியது இன்று முரண்டு பிடித்தால் சட்டகம் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும், குழாய் நீரில் இருக்கும் உப்பு கண்ணாடியில் படியும். வெயில் படும் ஜன்னல் விளிம்பு ஆகாது, மணலில் ஏற்றிய சாயம் வெளுக்கும். நீர் உறையும் குளிர் இருக்கும் இடத்தில் விட்டால் கண்ணாடி விரிசல் விடலாம்.

பின்னால் நிறம் மாறும் விளக்கு வைத்த சட்டகங்களும் வருகின்றன. விளக்கை அணைத்து வைக்க முடியுமானால் வாங்கலாம். சுழலும் தாங்கி உள்ளவை வசதி, ஆனால் சிலவற்றில் அச்சு கிறீச்சிடும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? மூச்சு வட்டத்தை நான் ஒதுக்கவில்லை. 2016இல் ஆப்பிள் வாட்சில் பூப்போல விரிந்து சுருங்கும் மூச்சுப் பயிற்சி வந்ததிலிருந்து இந்த வகைப் படங்கள் எங்கும் பரவிவிட்டன. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் சுவாசத்தை மெதுவாக்கினால் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் சுவாசத்தோடு நன்றாக இசைந்துபோகிறது என்பது நிறைய ஆராயப்பட்ட விஷயம். படபடப்பு ஏறி நிற்கும் நேரத்தில் மணலைவிட அந்த வட்டம்தான் உதவும், ஏனென்றால் அது உடம்புக்கு ஒரு வேலை கொடுக்கிறது. மணல் எதுவும் கேட்பதில்லை, கேட்காததைச் செய்யக் கொஞ்சம் நிதானம் முன்கூட்டியே வேண்டும்.

லாவா விளக்கு (சூட்டில் மெழுகு இளகி, கண்ணாடிக்குள் உருண்டை உருண்டையாக ஏறி இறங்கும் விளக்கு) அழகு. எட்வர்ட் கிரேவன் வாக்கர் 1963இல் பிரிட்டனில் விற்கத் தொடங்கியது, இன்னும் மவுசு குறையவில்லை. ஆனால் மெழுகு இளகி ஓட ஆரம்பிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எனக்கு இருப்பது இரண்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடமும் அது கட்டியாகவே இருக்கும்.

வண்ணம் தீட்டுவதில் நான் தேறவில்லை, ஆனால் அது பலருக்கு உதவுகிறது. 2005இல் கரி, காஸர் என்ற இருவர் 84 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், மண்டலத்துக்கு வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, வெறும் தாளில் இஷ்டம்போல் வரைந்தவர்களுக்குக் குறையவில்லை. சுவாரசியம் என்னவென்றால், சாதாரணக் கட்டம் போட்ட வடிவத்துக்கு வண்ணம் தீட்டியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. மண்டலத்தின் மகிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி விற்பவர்கள் இந்தப் பாதியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

"ஒரு கடற்கரையை மனக்கண்ணில் பாருங்கள்" என்று தொடங்கும் தியானங்களில் தோற்றுப்போனவர்களுக்கு இந்தச் சட்டகத்தைத் தயங்காமல் சொல்வேன். சிலருக்கு மனக்கண்ணில் படமே வராது. ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் அதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். அவர்களுக்குக் கடற்கரையும் வராது, ஒளிவட்டமும் வராது, தன்னிடம்தான் கோளாறு என்று எழுந்து போய்விடுவார்கள். பார்க்கும் பொருள் வெளியே இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. தூக்கமே வராத அளவுக்குக் கவலை, மூச்சுத் திணறும் பயம் என்று இருப்பவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள், சட்டகம் அப்புறம் வாங்கலாம். வீட்டில் பூனையோ சின்னக் குழந்தையோ இருந்தால் கண்ணாடியை விட்டுவிட்டு அக்ரிலிக் எடுங்கள். கீறல் விழும், ஆனால் எளிதில் உடையாது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்தத் துண்டுச்சீட்டுக்கு.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். முதல் நிமிடம் எல்லாச் சட்டகமும் ஜோராகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். வேறு ஏதாவது பார்த்துவிட்டுச் சில நிமிடம் கழித்து வாருங்கள். மணல் அப்போதும் இரண்டு மூன்று இழையாவது விட்டுக்கொண்டிருந்தால் நல்ல சட்டகம். மூலையில் நீர் கசிந்து காய்ந்த வெள்ளைக் கறை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெட்டிக்குள் சிரிஞ்சு இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.